கல் பொறுக்கிய நிலம்: ஓட்டோன் கிலிஹாவும் கிரோமாச்சே ஓவியங்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நவீன ஓவியத்தைப் பற்றி நாம் பேசும்போது பேச்சு பாரிஸில் தொடங்கி நியூயார்க்கில் போய் நின்றுவிடுகிறது. மற்ற நாடுகளுக்கு அந்தப் பேச்சில் அடிக்குறிப்பு அளவுக்குத்தான் இடம். அப்படி அடிக்குறிப்போடு நின்றுபோன ஒரு நாட்டிலிருந்து இன்று ஓர் ஓவியரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். குரோஷியாவின் ஓட்டோன் கிலிஹா. 1914இல் பிறந்து 1999இல் மறைந்தவர். தம் நாற்பதாவது வயதில் ஒரு பொருளைக் கண்டடைந்தார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும்பாலும் அதையே வரைந்தார். அட்ரியாட்டிக் கடலோரத்தில் சாந்தில்லாமல் அடுக்கிய கல்வேலிகள்தான் அந்தப் பொருள். கிர்க் தீவிலும் சுற்றுவட்டாரத்திலும் அவற்றை ‘கிரோமாச்சே’ என்கிறார்கள். கிலிஹா தம் படங்களுக்கும் அதே பெயரைத்தான் வைத்தார்.

உணர்ச்சி ததும்பும் நிலக்காட்சி என்றதும் நமக்கு ஒரு வாய்பாடு நினைவுக்கு வரும். ஓவியரின் உள்ளத்தில் ஒரு கொந்தளிப்பு இருக்கிறது. அதை அவர் மரத்தின் மீதும் வானத்தின் மீதும் ஏற்றுகிறார். மரம் முறுக்கிக்கொள்கிறது, வானம் சுழல்கிறது. கிலிஹாவின் படங்கள் முதல் பார்வைக்கு அந்த வகை போலவே இருக்கும். தடித்த வண்ணம், வேகமான கோடு, திணறும் பரப்பு எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தத் திணறல் யாருடையது? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியதுதான். என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது கிலிஹாவின் திணறல் இல்லை. அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அந்த நிலத்தில் கல் பொறுக்கியவர்களுடையது. ஓவியர் அதைக் கண்டுகொண்டார். கண்டுகொண்டதை மறைக்காமல் வரைந்தார்.

1. தீவு

படத்துக்குப் போகும் முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். கிர்க் தீவு அட்ரியாட்டிக்கின் வடக்கே, குவார்னர் வளைகுடாவில் இருக்கிறது. பரப்பளவு 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். தீவின் அடிப்பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறையை அரித்து, பிளவுகளில் இறங்கி, நிலத்தடியில் மறைந்துவிடும். மேற்பரப்பில் தண்ணீர் தங்குவது அரிது. மண் சிவப்பு. அதுவும் எங்கும் பரவிக் கிடக்காது. பள்ளங்களிலும் பாறை இடுக்குகளிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேங்கியிருக்கும்.

எதிர்க்கரையில் வெலெபித் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. குளிர்காலத்தில் அந்த மலையைத் தாண்டி வடகிழக்கிலிருந்து ஒரு காற்று கடலின் மீது வந்து விழும். அதற்குப் பூரா என்று பெயர். வறண்ட, குளிர்ந்த, திடீர் திடீரென வேகமெடுக்கும் காற்று. கடல்நீரைப் பிய்த்தெடுத்துத் தீவின் கிழக்குச் சரிவில் உப்பாகப் பூசிவிடும். அதனால் கிழக்குப் பக்கம் புல்கூடத் தயங்கும் மொட்டைப் பாறையாகக் கிடக்கிறது. காற்று மறைவான பகுதிகளில் திராட்சையும் ஆலிவும் உண்டு. மற்ற இடங்களில் செம்மறி ஆடுதான் பிழைப்பு.

இப்படிப்பட்ட நிலத்தில் பயிரிட வேண்டுமானால் விதைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கல்லைப் பொறுக்க வேண்டும். ஒரு பாத்தி அளவு மண் கிடைப்பதற்கு அதைப் போலப் பல மடங்கு கல்லை அகற்ற வேண்டும். அகற்றிய கல்லை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? தூக்கிச் செல்ல வலுவும் நேரமும் வண்டியும் வேண்டும். ஆகவே நிலத்தின் ஓரத்திலேயே அடுக்கினார்கள். நம் வயலின் வரப்பு வயலின் மண்ணாலேயே ஆனது போல, அவர்களுடைய வேலி அவர்களுடைய நிலத்தின் கல்லாலேயே ஆனது. கல்லை அகற்றும் வேலையும் வேலி கட்டும் வேலையும் ஒன்றாகிவிட்டன.

அந்த வேலி பல வேலைகளைச் செய்தது. யாருடைய நிலம் எங்கே முடிகிறது என்று காட்டியது. ஆடுகளை அடைத்தது. காற்றின் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. சரிவில் மண் ஓடிவிடாமல் தாங்கியது. அப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொண்டபோது நடுவில் புதிதாக ஒரு வேலி எழுந்தது. அடுத்த தலைமுறையில் இன்னொன்று. பாறை துருத்தும் இடத்தில் வேலி வளைந்தது. பள்ளத்தைச் சுற்றி வட்டமானது. தீவின் தென்கோடியில் பாஷ்கா ஊருக்கு மேலே, மேய்ச்சல் மேட்டில், பூவிதழ்களைப் போல அறை அறையாகப் பிரிந்த ஆட்டுப்பட்டிகளும் இருக்கின்றன. ஊராரின் ஆடுகள் சேர்ந்து மேயும். அவரவர் ஆட்டைப் பிரித்தெடுக்க நடுவில் ஒரு பெரிய முற்றம், சுற்றிலும் வீட்டுக்கு ஓர் இதழ்.

இதற்கெல்லாம் வரைபடம் போட்டவர் யாரும் இல்லை. ஆட்சிகள் மாறின. ஃப்ராங்கோபான் குறுநில மன்னர்கள் இருந்தார்கள். 1480இல் தீவு வெனிஸின் கைக்குப் போனது. 1797இல் வெனிஸ் குடியரசு வீழ்ந்தது. நெப்போலியன் காலத்துச் சிறு இடைவெளி போக, 1918 வரை ஆஸ்திரியர்கள் ஆண்டார்கள். எந்த ஆட்சியும் கல்லைப் பொறுக்கித் தரவில்லை. 2018இல் யுனெஸ்கோ சாந்தில்லாக் கல்வேலிக் கலையை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குரோஷியா உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அதற்கு விண்ணப்பித்திருந்தன. அந்த அங்கீகாரத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஓவியர் அந்த வேலிகளுக்கு முன்னால் தம் கித்தானை நிறுத்திவிட்டார்.

2. ஓவியர்

கிலிஹா தீவுக்காரர் இல்லை. 1914 மே 21 அன்று, இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் சிர்னோமெல் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது அது ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு. அடுத்த மாதமே சரயேவோவில் பட்டத்து இளவரசர் சுடப்பட்டார். சில ஆண்டுகளில் அந்தப் பேரரசே இல்லாமல் போனது. கிலிஹா படித்தது சாக்ரெப் நுண்கலை அகாதெமியில். 1937இல் பட்டம் பெற்றார்.

அந்த அகாதெமியில் அன்று நிலவிய சூழலைச் சற்றுச் சொல்ல வேண்டும். குரோஷிய நவீன ஓவியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக் நகரில் படித்த நான்கு இளைஞர்களோடு வலுப்பெற்றது. அவர்களில் யோசிப் ராச்சிச் 1908இல் பாரிஸில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டபோது வயது இருபத்து மூன்று. மிரோஸ்லாவ் கிரால்யெவிச் 1913இல் காசநோயால் இறந்தபோது இருபத்தேழு. இவர்கள் விட்டுச்சென்ற வேலையை அடுத்த தலைமுறை எப்படித் தொடர்வது என்பது பெரிய விவாதமாக இருந்தது. அகாதெமியில் கற்பித்த ஓவியர் லியூபோ பாபிச் 1929இல் ‘நம் வெளிப்பாடு பற்றி’ என்ற பொருளில் ஒரு கட்டுரை எழுதினார். வியன்னாவையும் மியூனிக்கையும் பாரிஸையும் பார்த்து வரைந்துகொண்டிருக்கும் நாம், இந்த மண்ணுக்கான ஓவிய மொழியை எப்போது உருவாக்குவோம் என்பது அதன் சாரம். அதே ஆண்டில் கிர்ஸ்டோ ஹெகெடூஷிச்சும் நண்பர்களும் ‘செம்லியா’, அதாவது ‘நிலம்’, என்ற குழுவைத் தொடங்கினார்கள். உழவர் வாழ்வையும் வறுமையையும் நேரடியாக வரைந்த அந்தக் குழுவைக் காவல்துறை 1935இல் தடைசெய்தது. கிலிஹா மாணவராக இருந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். பாபிச் கேட்டது வடிவத்தைப் பற்றிய கேள்வி. ஹெகெடூஷிச் கேட்டது உழைப்பைப் பற்றிய கேள்வி. இரண்டையும் ஒரே படத்தில் சந்திக்க வைக்கக் கிலிஹாவுக்கு இன்னும் இருபது ஆண்டுகள் பிடித்தன.

1938இல் பாரிஸ் போனார். அங்கே அவரைப் பிடித்துக்கொண்டவர் செசான். ஒரு மலையையோ ஆப்பிளையோ ஒளியின் விளையாட்டாகக் கரைத்துவிடாமல், அடுக்கிக் கட்டிய பொருளாக வரைவதே செசானின் வழி. கிலிஹாவின் தொடக்க காலப் படங்களான உருவப்படங்கள், அசையாப் பொருட்கள், கடலோரக் காட்சிகள் எல்லாவற்றிலும் அந்தப் பாடம் தெரிகிறது. நேர்த்தியான படங்கள்தான். ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் அப்படி வரையத் தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள்.

திருப்பம் திருமண உறவின் வழியாக வந்தது. அவர் மணந்துகொண்ட மீலா கும்பாட்டோவிச் கிர்க் தீவின் வடமேற்கில் உள்ள ஓமிஷால் ஊரில் 1915இல் பிறந்தவர். அவரும் ஓவியர், பதிப்போவியக் கலைஞர். தமக்கென்று தனி மொழி கொண்டவர். 2004 வரை வாழ்ந்தவர். கலை வரலாற்றில் இந்தக் கதை வழக்கமாக ‘கிலிஹா கல்வேலிகளைக் கண்டுபிடித்தார்’ என்றே சொல்லப்படுகிறது. மீலாவுக்கு அவை கண்டுபிடிக்க வேண்டிய பொருளே இல்லை. வாசலைத் தாண்டினால் இருந்தவை. ஊர்க்காரருக்குப் பழகிப்போன ஒன்று ஊருக்கு மருமகனாக வந்தவரின் கண்ணில் பட்டது என்று சொன்னால் கணக்கு நேராகும். ஓமிஷால் சுற்றுவட்டாரத்தில் பல கோடைகள் கழித்த பிறகு, 1954 வாக்கில், வீடுகளும் படகுகளும் மரங்களும் அவர் படங்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறின. வேலிகள் மட்டும் மிஞ்சின.

3. காலம்

1954 என்ற ஆண்டுக்கு அரசியல் பின்னணி ஒன்று உண்டு. போருக்குப் பின் யூகோஸ்லாவியாவில் சோவியத் பாணி சோஷலிச யதார்த்தவாதம் ஆட்சிக் கலையாக இருந்தது. மண்வெட்டியும் கொடியும் ஏந்திய தொழிலாளர்கள், ரயில்பாதை போடும் இளைஞர்கள், வெற்றி ஊர்வலங்கள். 1948இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோவுக்கும் ஸ்டாலினுக்கும் இடையே முறிவு ஏற்பட்டது. கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான காமின்ஃபார்மிலிருந்து யூகோஸ்லாவியக் கட்சி வெளியேற்றப்பட்டது. அதன் விளைவு சில ஆண்டுகளில் ஓவியக் கூடங்களிலும் தெரிந்தது. 1952இல் லியூப்லியானாவில் நடந்த எழுத்தாளர் மாநாட்டில் குரோஷிய எழுத்தாளர் மிரோஸ்லாவ் கிர்லெஷா நிகழ்த்திய உரை, கலைக்குக் கட்சி கட்டளையிடும் காலம் முடிந்தது என்பதன் அறிவிப்பாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அதற்கு முன்பே, 1951இல், சாக்ரெபில் எக்ஸாட் 51 என்ற குழு தன் அறிக்கையை வெளியிட்டிருந்தது. கட்டடக் கலைஞர்களும் ஓவியர்களும் சேர்ந்த குழு அது. அரூப வடிவியலே புதிய சமுதாயத்தின் கலை என்றது. ஏறத்தாழ அதே சமயத்தில் எடோ முர்டிச் என்ற இளம் ஓவியர் அமெரிக்கா போனார். போர்க்காலத்தில் கெரில்லாப் படையோடு இருந்து, இவான் கோரான் கொவாச்சிச்சின் ‘குழி’ என்ற நெடுங்கவிதைக்கு ஸ்லாட்கோ பிரிட்சாவோடு சேர்ந்து படம் வரைந்தவர் அவர். நியூயார்க்கைப் பார்த்துத் திரும்பியவர் ‘அமெரிக்க அனுபவம்’ என்ற வரிசையை 1953இல் காட்சிக்கு வைத்தார். பிறகு கை வீச்சின் ஆற்றலையே ஓவியமாக்கும் அரூபப் பாணியில் ஐரோப்பிய அளவில் பெயர் பெற்றார்.

ஆக, 1954இல் சாக்ரெபில் தூரிகை எடுத்த ஒருவருக்கு முன்னால் பாதைகள் தெளிவாகப் பிரிந்து கிடந்தன. ஒரு பக்கம் அடையாளம் காணக்கூடிய பொருள், மக்கள் வாழ்வு, உழைப்பு. அந்தப் பக்கத்தை அரசு பிரச்சாரம் கெடுத்து வைத்திருந்தது. மறுபக்கம் அரூபம், சுதந்திரம், உலக மொழி. அந்தப் பக்கம் போனால் காலடி மண்ணை விட்டுவிட வேண்டியிருந்தது. கிலிஹா எந்த அறிக்கையிலும் கையெழுத்திடவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த பொருள் இரண்டு பக்கத்தையும் ஒருசேரத் தொட்டது. கல்வேலி நிறைந்த சரிவை உள்ளது உள்ளபடி வரைந்தாலே அது அரூப ஓவியமாகத் தெரியும். அரூபமாக வரைந்தாலும் கிர்க் தீவுக்காரர் அதில் மேய்ச்சல் நிலத்தை அடையாளம் காண்பார். மண்வெட்டி ஏந்திய உழைப்பாளியின் உருவம் ஒன்றுகூட இல்லாமல் உழைப்பைப் பற்றிய ஓவியம் அங்கே சாத்தியமாயிற்று.

4. படம்

இனி, கிரோமாச்சே வரிசைப் படம் ஒன்றின் முன் நிற்பதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் தெரிவது, இந்தப் படத்தில் வானம் இல்லை என்பது. வரிசையின் பெரும்பாலான படங்களில் தொடுவானக் கோடே கிடையாது. நிலக்காட்சி ஓவியத்தில் வானத்தை எடுத்துவிடுவது சாதாரண முடிவு இல்லை. வானம் இருந்தால் கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும், தூரம் தெரியும், பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பது புரியும். வானம் போனதும் நிலம் நிமிர்ந்து, சுவராக நம் முகத்துக்கு நேரே வந்துவிடுகிறது. சரிவில் ஏறும்போது எதிரே நிலம் மட்டுமே தெரியும் அனுபவத்துக்கு இது பக்கத்தில் இருக்கிறது. குனிந்து கல் எடுப்பவரின் பார்வையும் இதுதான். அவருக்கும் வானம் தெரியாது.

அடுத்தது கோடுகள். படம் முழுவதும் வலை போலப் பரவுகின்றன. நேர்க்கோடு எங்கும் இல்லை. எல்லாம் சற்றே கோணியவை, வளைந்தவை, ஒன்றில் ஒன்று முட்டி நிற்பவை. ஒரு கோடு நீளமாக ஓடி வந்து திடீரென முடியும். இன்னொன்று அதன் மேல் ஏறித் திசை மாறும். கோடுகளுக்கு இடையே கட்டங்கள். ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. சில அகலமானவை, சில விரல் நுழையாத இடுக்குகள். படத்துக்கு மையம் என்று ஒன்று கிடையாது. கண் எங்கே நுழைந்தாலும் வேலி வேலியாகத் தாண்டித்தான் நகர வேண்டும்.

மூன்றாவது, வண்ணப்பூச்சின் கனம். கிலிஹா எண்ணெய் வண்ணத்தை மெழுகுவதில்லை. கட்டியாக, துண்டு துண்டாக, பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். அருகில் போனால் வேலி என்று தோன்றிய கோடு, தனித்தனிச் சிறு பூச்சுகளின் அடுக்கு என்று தெரியும். ஒவ்வொரு பூச்சும் ஏறத்தாழ ஒரு கல். அவருடைய முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வேலி கட்டுபவர் கல்லை எடுத்து, திருப்பிப் பார்த்து, எந்த முகம் எந்த இடத்தில் உட்காரும் என்று கையால் கணித்து வைக்கிறார். சாந்து கிடையாது, அதனால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லின் எடையாலேயே நிற்க வேண்டும். கிலிஹாவின் பூச்சும் அப்படியே நிற்கிறது. வேலியின் தோற்றத்தை மட்டும் அவர் நகல் எடுத்திருந்தால் மெல்லிய கோடு போதுமாயிருக்கும். அடுக்கும் செயலையே தம் கைக்குக் கொண்டுவந்தார். அதனால்தான் பரப்பு இவ்வளவு கனக்கிறது.

வண்ணத்தைப் பொறுத்தவரை, தொடக்க ஆண்டுகளின் படங்களில் பழுப்பும் சாம்பலும் கருமையும் மேலோங்குகின்றன. போகப் போகச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் எரியத் தொடங்குகின்றன. சிவப்பு அந்த மண்ணில் உண்மையாகவே இருக்கிறது. நீலம் கடலிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம், மாலை நேரத்துக் கல்லின் நிழலாகவும் இருக்கலாம். ஒரே வேலி காலையில் வெள்ளைக் கோடு, உச்சிப் பொழுதில் நிலத்தோடு கரைந்து போகும், சாயங்காலம் கரிய நிழற்கோடு. ஒரே பொருளை இத்தனை ஆண்டுகள் வரைந்தும் வண்ணம் தீராமல் போனதற்கு அந்தத் தீவின் வெளிச்சமும் ஒரு காரணம்.

இப்போது சில ஒப்பீடுகளைச் செய்து பார்க்கலாம். டுப்ரோவ்னிக்கில் பிறந்த இக்ஞாட் யோப், காசநோயோடு போராடி 1936இல் நாற்பத்தோரு வயதில் இறந்தவர். பிராச் தீவில் அவர் வரைந்த நிலக்காட்சிகளில் வீடும் மரமும் கடலும் காய்ச்சல் கண்டதுபோல நடுங்குகின்றன. அந்தக் காய்ச்சல் யோப்புடையது. முர்டிச்சின் பிற்கால மத்தியதரைக்கடல் நிலக்காட்சிகளில் தூரிகையின் பெருவீச்சு நம்மை அடித்துச் செல்கிறது. அந்த வீச்சு முர்டிச்சின் தோளிலிருந்து வருவது. கிலிஹாவுக்கு மிக நெருக்கமானவர் ஃப்ரானோ ஷிமுனோவிச். டால்மேஷியாவின் உள்நாட்டுப் பகுதியில் பிறந்த அவரும் கல்வேலி நிலத்தை வரைந்தார். இருண்ட, இறுகிய படங்கள். இந்த வரிசையில் கிலிஹா மட்டும் தம் உணர்ச்சியைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிறார். அவர் படத்தில் இருப்பது ஒரு நாளின் மனநிலையோ ஓர் ஆளின் நோயோ இல்லை. பல கைகளின் நீண்ட பிடிவாதம்.

இன்னோர் ஒப்பீடு மோந்திரியான். அவர் மரத்தை வரையத் தொடங்கி, கிளைகளைக் கோடுகளாக்கி, கோடுகளை நிமிர்த்தி, கடைசியில் மரமே இல்லாத கட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு இயற்கை ஒரு புறப்பாட்டு இடம். கிலிஹாவுக்குக் கட்டம் தரையிலேயே கிடைத்துவிட்டது. அதை நிமிர்த்தவோ நேராக்கவோ அவர் முயலவில்லை. கோணல்களை எல்லாம் காப்பாற்றினார். கோணல் ஒவ்வொன்றுக்கும் நிலத்தில் காரணம் இருந்தது. அங்கே ஒரு பாறை இருந்தது, அல்லது ஒரு பங்காளிச் சண்டை இருந்தது.

5. கல்லில் இருந்த எழுத்து

கிர்க் தீவுக்கு இன்னொரு கல் பெருமை தருகிறது. பாஷ்காவுக்கு அருகே யூராந்த்வோர் என்ற சிற்றூரின் புனித லூசி தேவாலயத்தில் 1851இல் ஒரு பலகைக்கல் அடையாளம் காணப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம், எண்ணூறு கிலோ அளவுக்கு எடை. கி.பி. 1100ஐ ஒட்டிய காலத்தது. பழைய ஸ்லாவிய வரிவடிவமான கிளகோலித்திய எழுத்தில் பொறித்த இந்தப் பாஷ்காப் பலகை குரோஷிய மொழியின் மிகப் பழைய, மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று. அதன் செய்தி, ஸ்வோனிமிர் மன்னர் அந்தத் தேவாலயத்துக்கு நிலம் கொடுத்தார் என்பது. மூலக்கல் 1934 முதல் சாக்ரெபில் குரோஷிய அறிவியல், கலை அகாதெமியின் பாதுகாப்பில் இருக்கிறது.

அந்த எழுத்துகள் வட்டமும் சதுரமும் கொக்கியுமாக, மூடிய கண்ணிகள் நிறைந்தவை. கிரோமாச்சே வேலிகளின் பின்னலுக்கும் பாஷ்காப் பலகையின் எழுத்துகளுக்கும் இடையே ஓர் உறவைக் கிலிஹாவே உணர்ந்தார். விமரிசகர்களும் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

எழுத்துக்கும் வேலிக்கும் வரலாற்றுத் தொடர்பு இருந்தது என்று யாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். உழவர்கள் எழுத்தைப் பார்த்து வேலி கட்டவில்லை. ஆனால் ஓவியரின் உள்ளுணர்வில் ஒரு நியாயம் இருக்கிறது. பலகையில் ஒரு மன்னரின் கொடை பதிவாகியிருக்கிறது. அவர் கொடுத்த நிலத்தைப் பயிராகும் நிலமாக்கியவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே பதிவு வேலிதான். கொடுத்தவரின் ஆவணம் அருங்காட்சிப் பொருளாயிற்று. உழைத்தவர்களின் ஆவணம் மழையிலும் காற்றிலும் திறந்த வெளியில் கிடந்தது. கிலிஹா இரண்டாவது ஆவணத்தையும் எழுத்துக்குரிய மரியாதையோடு பார்த்தார். வானத்தையும் மரத்தையும் விலக்கி, கோடுகளை மட்டும் பரப்பு முழுக்க நிறுத்தியதால், அவர் படம் ஒரு பக்கத்தைப் போலவே நம் முன் நிற்கிறது.

6. எழும் ஐயங்கள்

மாணவர்கள் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய ஒரு கேள்வி: நாற்பது ஆண்டுகள் ஒரே பொருளை வரைந்தால் அது வாய்பாடாகிவிடாதா?

ஆகும். கிலிஹாவுக்கும் சில இடங்களில் ஆகியிருக்கிறது. வலைக்கோடும் வண்ணக்கட்டமும் கைக்குப் பழகிவிட்டால், நிலத்தைப் பார்க்காமலேயே ஒரு கிரோமாச்சே வரைந்துவிடலாம். அத்தகைய படங்கள் அழகாக இருக்கும். துணியில் அச்சிட்ட கோலம் போல எங்கும் ஒரே சீராக இருக்கும். அவற்றில் தடை இல்லை. அவருடைய வலுவான படங்களில் கோடு ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டே இருக்கும். கட்டங்கள் ஒன்றையொன்று நெருக்கும். ஓர் இடத்தில் பரப்பு மூச்சுத் திணறி இன்னோர் இடத்தில் விரியும். இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே கிலிஹாவைப் பார்க்கும் பயிற்சி.

அலங்காரம் என்ற சொல்லை அவர் அஞ்சியதாகவும் தெரியவில்லை. ரியேக்கா நகரின் இவான் சாய்ட்ஸ் தேசிய நாடக அரங்கு 1885இல் கட்டப்பட்டது. அதன் கூரை ஓவியங்களை வரைந்தவர்களில் இளைஞர் குஸ்டாவ் கிளிம்ட்டும் ஒருவர். அந்த அரங்கு 1981இல் புதுப்பிக்கப்பட்டபோது அதன் மேடைத் திரையில் கிலிஹாவின் கிரோமாச்சே இடம்பெற்றது. மேலே பேரரசுக் காலத்துத் தேவதைகள். எதிரே தீவுக்காரர்களின் கல்வேலி. நாடகம் பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேரின் தாத்தாக்கள் அந்தக் கல்லைப் பொறுக்கியவர்கள். அலங்காரமாகவே இருந்தாலும் அந்த இடத்தில் அது ஒரு பதில் சொன்னது.

இரண்டாவது ஐயம் இன்னும் கடுமையானது. இந்தப் படங்கள் வறுமையை அழகாக்குகின்றனவா? கல் பொறுக்கியவர் அதை ரசித்துச் செய்யவில்லை; வேறு வழியில்லாமல் செய்தார். வழி கிடைத்ததும் பலர் கடல் தாண்டி அமெரிக்கா போய்விட்டார்கள். கிலிஹா வரைந்துகொண்டிருந்த காலத்திலேயே தீவு மாறிக்கொண்டிருந்தது. 1970இல் ஓமிஷால் அருகே ரியேக்கா நகருக்கான விமான நிலையம் திறந்தது. எண்ணெய் முனையமும் பெட்ரோ வேதித் தொழிலும் வந்தன. 1980இல் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலம் திறந்தபோது, அதன் 390 மீட்டர் கான்கிரீட் வளைவு உலகிலேயே நீளமானது. சுற்றுலா வருமானத்துக்கு முன்னால் செம்மறி ஆடு எம்மாத்திரம்? புதிதாக வேலி கட்ட ஆளில்லை. சரிந்ததை எடுத்துக் கட்டவும் ஆளில்லை. கைவிட்ட பாத்திகளைப் புதர் மூடிக்கொண்டது. அப்படியானால் அவர் வரைந்தது முடிந்துபோன உழைப்பின் மீதான ஏக்கமா?

என் பார்வையில் இல்லை. ஏக்கத்துக்கென்று ஓவியத்தில் வழக்கமான சாமான்கள் உண்டு: தனியே நிற்கும் கிழவர், சரிந்த வீடு, அந்தி வானம், ஒற்றை ஆடு. கிலிஹா இவற்றில் எதையும் கிரோமாச்சேக்குள் விடவில்லை. இரக்கப்பட ஓர் உருவமும் அங்கே இல்லை. செய்து முடித்த வேலை மட்டும் இருக்கிறது. அந்த வேலையின் அளவும் அதன் கடுமையும் அதில் கை கற்றுக்கொண்ட திறனும் மட்டும் இருக்கின்றன. உழைத்தவரைப் பார்த்து உச்சுக்கொட்டுவது வேறு. அவர் செய்த வேலையை உற்றுப் பார்ப்பது வேறு. கிலிஹா இரண்டாவதைத் தேர்ந்தார். ‘நிலம்’ குழுவினர் உழவரின் உருவத்தை வரைந்து கேட்ட நியாயத்தை, அவர் உருவமே இல்லாமல் கேட்டார்.

7. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

தொடக்கத்தில் எழுப்பிய கேள்வியின் இன்னொரு பக்கத்தைச் சொல்லி முடிக்கிறேன். நிலக்காட்சி ஓவியத்தை நாம் ‘இயற்கைக் காட்சி’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தால் ஒரு தவறு நேர்கிறது. உழுது, வெட்டி, மேட்டைப் பள்ளமாக்கி, பள்ளத்தை மேடாக்கி மனிதர்கள் உருவாக்கிய நிலத்தை இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அடுத்து, அந்த நிலத்தில் தெரியும் வேகத்தையும் துயரத்தையும் ஓவியரின் கணக்கில் எழுதிவிடுகிறோம். நடுவில் வேலை செய்தவர் இரண்டு கணக்கிலும் இல்லாமல் போகிறார்.

கிலிஹாவின் முக்கியத்துவம் இந்தக் கணக்கைத் திருத்தியதில் இருக்கிறது. அவர் புதிய பாணியைத் தொடங்கியவர் என்று சொல்ல மாட்டேன். அரூபத்தையும் வெளிப்பாட்டியத்தையும் மற்றவர்கள் அவருக்கு முன்பே செய்துவிட்டார்கள். உலக ஓவிய வரலாற்றில் அவரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று வாதாடவும் நான் வரவில்லை. ஆனால் ஒரு நிலக்காட்சியில் வெளிப்படும் உணர்ச்சி அந்த நிலத்தில் உழைத்தவர்களுடையதாகவும் இருக்க முடியும் என்பதை அவரைப் போலப் பிடிவாதமாக, படம் படமாக நிறுவியவர்கள் மிகக் குறைவு. அதற்கு அவர் ஒரு தீவையும் ஒரு பொருளையும் விட்டு நகர வேண்டிய தேவை ஏற்படவில்லை.

இங்கே இருக்கும் இளம் ஓவியர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை நிலக்காட்சி வரைய உட்காரும்போது, அதைப் பார்த்து உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த நிலத்தை அந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் யார், எதைக் கொண்டு, எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று விசாரியுங்கள். விசாரித்த பிறகு வரையும் கோடு வேறாக இருக்கும். ஓவியம் பார்க்க வரும் நாங்களும் அதே கேள்வியோடு வந்தால், கண்காட்சிக் கூடத்தில் நம் பேச்சும் கொஞ்சம் மாறும்.